பாழ் என்றொரு கட்டம்

முப்பத்தைந்து வருஷம் படிவம் நிரப்பிச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு படிவம் எந்த லட்சணத்தில் தயாராகியிருக்கிறது என்பதை அதன் கடைசிக் கட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தயாரிக்கிறவர் முதல் கட்டங்களைத் தெளிவாகத்தான் ஆரம்பிக்கிறார். கடைசிக் கட்டத்துக்கு வருவதற்குள் அவருக்குச் சாப்பாட்டு வேளை வந்துவிடுகிறது.

யுத்த காலத்தில் என் கையில் கொடுக்கப்பட்ட வீட்டுக் கணக்கெடுப்புப் படிவம் அப்படி ஒரு வேளையில் பிறந்ததுதான். தெரு, கதவு எண், சொந்தக்காரர் பெயர். பிறகு மூன்று கட்டங்கள்: குடி, பூட்டு, பாழ். ஆள் வசித்தால் குடி. ஆள் வசிக்காமல் கதவு பூட்டியிருந்தால் பூட்டு. இவ்விரண்டுக்கும் அடியில் விளக்கம் அச்சடித்திருந்தார்கள். பாழுக்கு விளக்கம் இல்லை. இங்கிலீஷ் மூலத்தில் என்ன இருந்ததோ, எங்களுக்கு வந்தது தமிழாக்கம் மட்டும்.

வீட்டிலிருந்த அகராதியைப் புரட்டினேன். அழிவு, வெறுமை, இன்மை, தரிசு என்று அது தன் பங்குக்கு நாலு கட்டங்களைக் காட்டியது. என் அம்மாவின் பேச்சில் அந்தச் சொல் இன்னும் தாராளமாகப் புழங்கும். பொட்டில்லாத நெற்றி பாழ். விளக்கேற்றாத வீடு பாழ். நான் படித்த படிப்பும் சில நாட்களில் பாழ். இதில் எதை வைத்துக்கொண்டு நான் ராயபுரத்து வீடுகளை எண்ணுவது?

அது நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான், முதல் குண்டு துறைமுகத்தில்தான் விழும் என்று பேச்சு. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று சர்க்கார் அறிவித்தது. தாங்கள் அவசியமில்லாதவர்கள் என்பதை ராயபுரத்துக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம். கட்டில், அண்டா, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நானும் என் அம்மாவையும், கல்யாணமாகி ஆறு மாசமே ஆன மனைவியையும் வந்தவாசிப் பக்கம் மாமா வீட்டுக்கு ரயிலேற்றினேன். எனக்கு மட்டும் 'அவசியமானவர்' என்று எழுத்து மூலமாகத் தாக்கீது வந்திருந்தது. என் வாழ்க்கையில் என்னைப் பற்றி அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை.

மூன்றாம் நாள் காலை பால்காரன் வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"இன்னா சார், வூட்ல யாருக்காச்சும் எதுனா ஆயிடிச்சா?"

எனக்குப் புரியவில்லை. அவன் தரையைக் காட்டினான். வாசலில் கோலம் இல்லை. சாவு விழுந்த வீட்டில்தான் கோலம் போடமாட்டார்கள். அப்போதுதான் தெருவை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வாசலிலும் வெள்ளை இல்லை. ஒரே இராத்திரியில் இருபது வீட்டிலும் சாவு விழுந்த மாதிரி இருந்தது.

காலி வீடுகளை எண்ணும் உத்தரவு அந்த வாரமே வந்தது. எங்கள் இன்ஸ்பெக்டர் மயிலாப்பூர்வாசி. எந்த வேலைக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் தெருவில் நடந்து போக வேண்டியது, வாசலில் கோலம் இருந்தால் குடி என்று எழுத வேண்டியது, இல்லையென்றால் பூட்டு. கதவைத் தட்டி விசாரித்துக்கொண்டிருந்தால் யுத்தமே முடிந்துவிடும் என்றார். ராயபுரத்தில் மாதா கோயில் தெருக்களும் பள்ளிவாசல் தெருக்களும் உண்டு, உலகம் முழுக்கக் கோலம் போடுவதில்லை என்று நான் பணிவாக எடுத்துச் சொன்னேன். அந்தத் தெருக்களில் மட்டும் தட்டுங்கள் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

எண்ணுவதற்குக் காரணம் இருந்தது. ஒரு தெருவில் பாதிக்கு மேல் ஆளில்லை என்றால் அந்தத் தெருவையே ராணுவச் சாமான் வைக்க எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் கொடுங்கையூர்ப் பக்கம் போட்டிருந்த கொட்டகைக்குப் போக வேண்டும். இரண்டு முனையிலும் முள்கம்பி கட்டி, காவல் போட்டுவிடுவார்கள். பிறகு சொந்தக்காரனே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

நான் எண்ணிய தெருக்களில் இருபதுக்கு மூன்று, பதினைந்துக்கு இரண்டு என்றுதான் கோலம் கிடைத்தது. கடலை ஒட்டிய ஒரு சந்தில் மட்டும் பதினோரு வாசல், பதினொன்றிலும் கோலம். தெளித்து, பெருக்கி, அழகாக.

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிற பட்டியலை, ஜாபிதா எதையும் நான் நம்பியதில்லை. நிஜமான ஜாபிதாவில் ஒரு அடித்தலாவது இருக்கும்.

சந்து முனையில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். சரக்கை விட்டுவிட்டு எங்கே போவது என்று அவர் போகவில்லை. உள்ளே எத்தனை குடித்தனம் என்று கேட்டேன். அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் என்றார். கடைசி வீட்டில் ஒரு மீன்காரி. வயது நாற்பது இருக்கும். மற்றவர்கள் போய்ப் பத்து நாளாகிறது.

"அப்ப கோலம்?"

"அதைத்தான் தம்பி நானும் கேக்கேன். விடியுமுன்ன ஒவ்வொரு வாசல்லயும் குனிஞ்சுக்கிட்டு நிக்கா. என்ன புதைக்காளோ, என்னத்தை எடுக்காளோ. மேல இருந்து பாத்தா வெள்ளையாத் தெரியுமாமே? ஏரோப்பிளான்காரனுக்கு அடையாளமா இருந்துட்டா?"

ஜப்பான்காரன் புள்ளிக்கோலத்தைப் பார்த்துக் குண்டு போடுவான் என்பதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சந்துக்குள் போய், பதினோரு கோலத்தையும் என் நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டேன். அந்த நாட்களில் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். பூட்டிய வீட்டில் பூனை கத்தினால்கூட உளவாளி என்று போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள்.

வரைந்து பார்த்ததில் விஷயம் வெளிப்பட்டது. பதினொன்றும் ஒரே கை. எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு இழை முழுசாகச் சேராமல் விரற்கடை விட்டு நின்றது. கள்ளக் கையெழுத்துப் பிடிப்பவனுக்கு அது போதும். அதைவிடப் பெரிய தடயம் ஏழாவது வாசல். அது ரயில்வே கார்டு ஒருவரின் வீடு. ஆங்கிலோ-இந்தியர். நிலைக்கு மேல் சிலுவை, ஜன்னலில் லேஸ் திரை. அந்த வீட்டுத் துரைசானி ஜன்மத்தில் கோலமாவைத் தொட்டிருக்க மாட்டாள். அவள் வாசலிலும் ஒன்பது புள்ளி வைத்து இழுத்திருந்தது. கதவில் தொங்கிய பூட்டில் உப்புக்காற்று துருவை ஏற்றிவிட்டிருந்தது.

கோலம் இருந்தால் குடி என்ற இன்ஸ்பெக்டரின் விதி ஊருக்கே தெரிந்திருந்தது. எங்கள் ஆபீசில் ரகசியம் என்றால் அது டீக்கடைக்கு ஒரு நாள் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். ஆக, யாரோ தெரிந்தே சர்க்காரை ஏமாற்றுகிறார்கள். பூட்டிய வீட்டுக்காரர்கள் அவளுக்கு ஏதாவது கொடுத்து ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் விடியற்காலை அண்ணாச்சி கடைக்குள் புளிமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் வாளியும் துடைப்பமுமாக முதல் வாசலுக்கு வந்தாள். தண்ணீர் தெளித்தாள், பெருக்கினாள், இடது கையால் புள்ளி வைத்தாள். இழை சேராததன் காரணம் அந்த இடது கைதான் என்று நான் குறித்துக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காமலே அவள் பேசினாள்.

"இன்னாத்துக்கு நைனா மூட்டை நடுவுல குந்திக்கினு கீறே? எலி புடிக்கிறியா?"

வெளியே வந்தேன். அடுத்தவர் வாசலில் கோலம் போட அவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஆபீஸ் குரலில் கேட்டேன்.

"இதுக்குக்கூடச் சீட்டு வாங்கணுமா?" என்றபடி அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள்.

அப்போது அவள் விரல்களைப் பார்த்தேன். நுனித் தோல் உரிந்து, வெடித்து, வெளுத்திருந்தன. கோலமாவு கடையில் கிடைக்காத சமயம் அது. எண்ணூர்ச் சூளையிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்புத் தூளை வாங்கி வந்து, ஈரத் தரையில் அதால் இழுத்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு விரலைத் தின்றுகொண்டிருந்தது. கூலிக்கு வேலை செய்கிறவர்கள் இந்த அளவுக்குப் போவதில்லை என்று தோன்றியது. ஆனாலும் நான் விடவில்லை. யார் சொல்லிச் செய்கிறாய் என்றே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஐந்தாவது வாசலில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் ரங்கூனில் கப்பல் மூட்டை தூக்கப் போய் நாலு வருஷம். அங்கே குண்டு விழுந்தபின் கடுதாசி இல்லை. தப்பித்தவர்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள் என்று மீன் இறக்கும் இடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவனும் நடந்து வந்துகொண்டிருப்பான்.

"இந்த முனையில வந்து நின்னு பாப்பாரு நைனா. ஒரு வாசல்லயும் கோலம் இல்லேன்னா இன்னா நெனைப்பாரு? அல்லாரும் செத்துட்டாங்கன்னு அப்டியே திரும்பிப் பூடுவாரு. யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. கேட்டா கௌரவம் போச்சுன்னு இருக்கற மனுசன்."

"உன் வாசலில் மட்டும் போட்டால் போதாதா?"

"என்து கடைசி வூடாச்சே. அதுவரைக்கும் அவரு வரணுமே."

கார்டு வீட்டில் எதற்கு என்றேன். நடுவில் ஒரு வாசலை மட்டும் வெறுமனே விட்டால் அங்கே சாவு என்று நினைத்துக்கொள்வானாம். துரைசானி கோலம் போடுகிற ஜாதி இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா என்று கேட்டேன். களைத்து வருகிறவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று திருப்பிக் கேட்டாள்.

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை உத்தியோக பூர்வமாகச் சரிபார்த்தேன். ரங்கூனிலிருந்து வந்த கடைசிக் கடுதாசியைக் காட்டச் சொன்னேன். மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்ததைக் கொண்டுவந்தாள். அவனுக்காக யாரோ எழுதிக் கொடுத்தது. மழைக்கு முன் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றச் சொல்லியிருந்தது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை. தபால் முத்திரை சரியாக இருந்தது. பிறகு வாசல்களில் படிந்த சுண்ணாம்பைக் குச்சியால் சுரண்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் தெளித்த தண்ணீரில் அடுக்கடுக்காக இறுகியிருந்தது. இன்ஸ்பெக்டரின் விதி வெளியே போவதற்கு முன்பிருந்தே அவள் போட்டு வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. தோன்றியது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அடுக்கை எண்ணித் தேதி சொல்லும் சாஸ்திரம் எனக்குத் தெரியாது.

ஆனால் படிவம் என் கையில் இருந்தது. பதினொன்றுக்குப் பத்து பூட்டு என்பது உண்மை. அதை எழுதினால் பதினைந்து நாளில் முள்கம்பி. அவள் கொடுங்கையூருக்கு. அவன் நிஜமாகவே வந்தால், முனையில் துப்பாக்கியோடு நிற்கும் காவல்காரனைப் பார்ப்பான். அவனையும் எதுவும் கேட்கமாட்டான்.

பொய் எழுத எனக்கு வராது. அது நேர்மையால் அல்ல. பொய் எழுதினால் பிற்பாடு அதற்கு ஒத்துப்போகிற மாதிரி இன்னும் பத்து இடத்தில் எழுத வேண்டியிருக்கும். எனவே உண்மையை எழுதினேன். ஒன்று குடி, ஒன்பது பூட்டு. கார்டு வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் இரண்டு ஓடு சரிந்திருந்தது. அந்த வீட்டுக்கு நேரே மூன்று கட்டத்தையும் காலியாக விட்டு, ஒரு கேள்வியை இணைத்தேன். பாழ் என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை. சுவர் இடிந்தால் பாழா, ஆள் போனால் பாழா, திரும்பி வரும் உத்தேசம் உள்ளவர்களின் வீடு எந்தக் கட்டத்தில் சேரும், பாழ் வீட்டை மொத்த எண்ணிக்கையில் சேர்ப்பதா கழிப்பதா என்று நாலு உட்பிரிவோடு.

பதில் எதுவானாலும் அந்தச் சந்தின் கதி மாறாது. பதினொன்றில் ஒன்றைச் சேர்த்தாலும் கழித்தாலும் பாதியைத் தாண்டிவிடும். ஆனால் கேள்வி இணைத்த காகிதம் பதில் வராமல் நகராது. பதில் சொல்லக்கூடியவர் யார் என்று தீர்மானிக்கவே இரண்டு மாசம் ஆகும். இது எனக்கு உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே தெரிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எத்தனை வஞ்சிரம் கொடுத்தாள்?" என்றார். நான் சைவம் என்றேன். அது இன்னும் சந்தேகத்துக்குரியது என்று சொல்லிவிட்டுக் கேள்வியைக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அவருக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள அதுதான் சுலபமான வழி.

இதை நான் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று பிற்பாடு என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கோல விதி தப்பு என்று நிரூபிக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை நான் விடவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்றும் இருக்கலாம். ஆபீசுக்குப் போகிற வழி அல்லாத அந்தச் சந்து வழியாக நான் தினமும் போக ஆரம்பித்திருந்தேன். ராயபுரத்தில் எனக்குத் தெரிந்து எல்லா வாசலிலும் கோலம் போட்ட தெரு அது ஒன்றுதான்.

குண்டு விழவில்லை. ஆவணிக்கு மேல் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தது. வந்தவர்கள் முதல் வேலையாக, தங்கள் வாசலில் யாரோ இறுக்கி வைத்திருந்த சுண்ணாம்பைத் திட்டிக்கொண்டே சுரண்டினார்கள். செய்வினை என்றுகூட ஒரு வீட்டில் பேச்சு கிளம்பியது. ஒவ்வொரு வீடு திறக்கும்போதும் மீன்காரிக்கு ஒரு வாசல் குறைந்தது. கார்டின் துரைசானி மட்டும், அந்த டிசைன் நன்றாக இருக்கிறது, தினமும் போடு என்று சொல்லிவிட்டாள். ஆக மீன்காரிக்கு இரண்டு வாசல் மிஞ்சியது.

ஐப்பசி மழையில் ஒருவன் அண்ணாச்சி கடைக்கு வந்தான். கால்களில் சாக்குத் துணி சுற்றியிருந்தான். ரங்கூனிலிருந்து மீன்காரியின் புருஷனோடு நடந்து வந்ததாகச் சொல்லி அந்தச் சந்தைக் கேட்டான். அண்ணாச்சி எனக்கு ஆள் அனுப்பினார். அந்தச் சமயம் இப்படிக் கதை சொல்லி நாலு வேளைச் சோறு தின்றுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். "விசாரிச்சிட்டு அப்புறம் அவகிட்ட சொல்லுவோம் தம்பி" என்றார்.

நான் விசாரித்தேன். அவள் புருஷனுக்கு எந்தக் கப்பல்துறையில் வேலை, மேஸ்திரி எந்த ஊர், உடம்பில் என்ன அடையாளம் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். எனக்குத் திருப்தி இல்லை. பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கலாம். அவனோடு கூட நடந்தாயே, ஆள் எப்படிப்பட்டவன் என்று கடைசியாகக் கேட்டேன்.

"மோசமான ஆளுங்க. வாயைத் தொறந்து எதுவும் கேக்க மாட்டாரு. பக்கத்துல தண்ணி வச்சிருக்கறவன்கிட்டகூடக் கேக்க மாட்டாரு."

அதற்குமேல் எனக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. அவள் புருஷன் காய்ச்சலில் நடக்க முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டானாம். நீங்கள் போங்கள், வந்துவிடுகிறேன் என்றானாம். இவர்கள் போய்விட்டார்கள். சாவை யாரும் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் கூடையோடு அவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

நான் அவசரமாகப் பேசினேன். இவன் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததை யாரும் பதிவு செய்ய முடியாது. ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் சட்டப்படி ஒரு ஆள் இறந்ததாகக் கொள்ளலாம். அதுவரை உயிரோடு இருப்பதாகவே கணக்கு. காட்டு வழியில் கிராமங்கள் உண்டு, யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்கள், காய்ச்சல் இறங்கியிருக்கும். வாழ்நாள் முழுக்கச் சந்தேகத்திலேயே இருந்தவன், அன்றைக்கு அதில் கொஞ்சத்தை அவளுக்குக் கொடுக்கப் பார்த்தேன்.

அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"கேட்டாத்தானே நைனா குடுப்பாங்க" என்றாள். கூடையை இறக்கி வந்தவனுக்கு மீன் எடுத்து வைத்துவிட்டு, சந்துக்குள் போனாள்.

மறுநாள் காலையில் நான் அந்த வழியாகப் போனேன். திரும்பி வந்த ஒன்பது வீட்டு வாசலிலும் அவரவர் கோலம் இருந்தது. ஏழாவது வாசல் வெறுமையாக இருந்தது. கடைசி வாசலும். என் கேள்விக்கு அந்த வாரம்தான் பதில் வந்திருந்தது: 'வழக்கத்தை அனுசரித்து எழுதிக்கொள்ளவும்.' காகிதம் என் பையில் இருந்தது.

துரைசானி கவுனோடு வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கூப்பிட்டாள்.

"ஏ மேன், இன்னிக்கு ஏன் அவ டிசைன் போடல? உடம்பு சரியில்லையா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தேன். அவளுடைய வீட்டுக்காரர், என்று நிறுத்தினேன். முந்தின நாள் நானே எடுத்துச் சொன்ன விதிகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"தவறிட்டார்" என்றேன்.

துரைசானி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். எப்போது, எங்கே என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ஆதாரம் இல்லாமல் நான் என் உத்தியோக காலத்தில் கொடுத்த ஒரே தகவல் அது.